பதினோரு வீட்டுக்காரி

எரிவாயுக் குழாயை ஒட்டிப் பத்து வீட்டுக்கு மேல் ஆள் இருந்தால் வாயுவை மெதுவாக விடுவார்கள். குறைந்தால் முழு வேகத்தில் தள்ளுவார்கள். சட்டம் அப்படி. எங்கள் ஊரில் பதினோரு வீடு. குழாய்க்குப் பயந்து நாங்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போக, மிஞ்சியது பூரணத்தம்மாள் வீடு மட்டும். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் புருஷனைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? அவர் அறைக்குப் பின்னாலேயே குழாய் போகிறது. பழைய குழாய், வேகம் கூடினால் தாங்காது.

வருஷத்துக்கு ஒருமுறை, எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறது என்று கணக்கெடுக்க ஆபீசர் வருவார். அவர் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நடப்பதற்குள் பூரணத்தம்மாள் கொல்லை வழியாக ஓடி, வேறு சேலையைச் சுற்றிக்கொண்டு அந்தக் கதவைத் திறப்பாள்.

"எல்லாரும் ஒரே ஜாடையா இருக்கீங்களேம்மா?"

"அக்கா தங்கச்சிங்க சார். ஒரே ஊர்ல கட்டிக் குடுத்துட்டாங்க."

"பதினோரு பேருமா?"

"எங்கப்பாவுக்கு வேற வேலை இல்ல சார்."

ஆபீசர் சிரிக்காமல் குறித்துக்கொள்வார்.

இந்த வருஷம் அவளுக்கு முட்டி வீங்கியிருந்தது. ஏழாவது வீட்டுக்குள் வந்து விழுந்தபோது ஆபீசர் ஏற்கெனவே வாசலில் இருந்தார். கதவைத் தட்டவில்லை. தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார்.

"பதறாம வாங்கம்மா. நான் நிக்கிறேன்."

கட்டாத சேலை கையிலிருக்க, அவள் கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டாள். "தெரியுமா சார்?"

"முதல் வருஷமே தெரியும்."

அவள் சேலையைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"இந்த மாசத்தோட எனக்கு ரிட்டையர்மென்ட்" என்றார் ஆபீசர். "அடுத்த வருஷம் வேற ஒருத்தன் வருவான். சின்ன வயசு. ரொம்ப வேகமா நடப்பான்மா."