கீழ்ப்புள்ளி

பரிசோதனைக்கூடம் ஒன்றில் ஒரு சொட்டுக்குழல் இருந்தது. இரத்தம் தடவிய வெள்ளைச் சவ்வுகளின் மேல் நிறமற்ற ஒரு திரவத்தைச் சொட்டுவது அதன் வேலை. ஒவ்வொரு சவ்விலும் இரண்டு புள்ளிகள் இருக்கும். மேற்புள்ளி எப்போதும் நீலமாகும். சோதனை ஒழுங்காக நடந்ததற்கு அது சாட்சி. கீழ்ப்புள்ளியும் நீலமானால் நோய்.

அன்று வந்த சவ்வில் தனபாக்கியம் என்பவளின் இரத்தம் இருந்தது. அவள் கதவுக்கு வெளியே நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்த சொட்டுக்குழலுக்குச் சொட்ட மனம் வரவில்லை.

"என்ன அண்ணே, வாய் நிறைய வச்சுக்கிட்டு சும்மா நிக்கிறீங்க?" என்றது சவ்வு.

"கீழ நீலம் வந்தா அந்தப் பொண்ணு தாங்குமா தம்பி?"

"நோய் இருந்தா, அதைக் காட்டிக்கொடுக்குற நொதி இப்பவே எம்மேல ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. உங்க திரவம் பட்டா நிறம் காட்டும், அவ்வளவுதான்."

"அப்போ படவே வேண்டாம்."

மேற்புள்ளிக்கு முழுச் சொட்டைக் கொடுத்த குழல், கீழ்ப்புள்ளிக்கு வந்ததும் வாயை இறுக்கிக்கொண்டது. குழலைப் பிடித்திருந்த ஆய்வாளர் அதைக் கவனிக்கவில்லை. கீழே வெள்ளையாகவே இருந்ததால், நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். தனபாக்கியம் சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துச் சொட்டுக்குழல் பல நாள் தன்னையே மெச்சிக்கொண்டது.

எட்டு மாதம் கழித்து அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். இம்முறை சொட்டு விழுந்து பரவுமுன்பே கீழ்ப்புள்ளி கருநீலமானது.

"இவ்வளவு முத்தவிட்டுட்டு வந்திருக்கியேம்மா, முன்னாடியே வரக்கூடாதா?" என்றார் ஆய்வாளர்.

"வந்தேனே சார்," என்றாள் அவள். "ஒண்ணும் இல்லைன்னு நீங்கதானே அனுப்பினீங்க?"