கெட்டி ஆயில்

"ஏங்க, மறுபடியும் மாட்டிக்கிச்சு! ஒத்தச் சக்கரம் அந்தரத்துல சும்மா சுத்துது. இன்னொன்னு அசையவே மாட்டேங்குது."

ஜெயப்ரியா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, வண்டியின் பின்னால் கட்டியிருந்த நைலான் நூலைப் பிடித்து இழுத்தாள். இடிபாடுகளுக்கு நடுவே இருந்த குறுகலான சந்திலிருந்து அந்தப் பொம்மை லாரி தூசியோடு உருண்டு வந்து அவள் மடியில் விழுந்தது.

அவள் கணவன் திருமலை ஓசூரில் ரிமோட் வண்டிகளுக்கென்றே கடை வைத்திருப்பவன். பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்கு ஆழமாகத் தோண்டியதில், கடை இருந்த கட்டடம் இன்று காலை சரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. வீதி முழுக்க ஷட்டர் இறங்கியிருந்த நேரம்.

"சிவராஜ்! டேய், சிவராஜ்!"

திருமலை சந்தில் வாயை வைத்துக் கூப்பிட்டான். தம்பியிடமிருந்து பதில் இல்லை. ஃபோனும் போகவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டி, இப்போது வெறும் காற்றுதான் வந்தது.

எங்கோ ஜேசிபி உறுமியது.

"ஐயோ, அள்ள ஆரம்பிச்சுட்டா மிச்சம் நிக்கிற தளமும் அப்படியே உக்காந்துடும்ங்க!"

"அந்தச் சத்தத்துல நாம கத்துறது எவன் காதுல வுழப் போவுது? வண்டிதான் அவன்கிட்ட போயாவணும். பின்னாடி டிஃபரன்ஷியலைக் கழட்டு."

கல் விழுந்ததில் திருமலையின் வலது கை வீங்கித் தொங்கியது. அவன் சொல்லச் சொல்ல அவள்தான் செய்தாக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இந்த வண்டிகளைத் தொட்டுக்கூடப் பார்க்காதவள் அவள். 'கழுதை வயசுல பொம்மை என்ன பொம்மை' என்று நேற்றுகூடச் சண்டை போட்டிருந்தாள்.

திருகாணிகளைக் கழற்றினாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னப் பல்சக்கரப் பெட்டி வெளியே வந்தது. அதற்குள் இருந்த ஆயில் தண்ணீர்போல ஓடியது.

"இது ரேஸுக்கு ஊத்துனது. லேசா சுத்துற சக்கரத்துக்கே மொத்த இழுவையும் போயிடும். இருக்கறதுலயே கெட்டியானதை ஊத்து. முன்னாடி பெட்டிக்கும் அதையே ஊத்து. நாலு சக்கரமும் சேந்து இழுக்கட்டும்."

டூல் பையில் கிடந்த டப்பாவைப் பிதுக்கினாள். தேன்போல நூல்விட்டு இறங்கியது. மூடி முறுக்கி, மறுபடி சந்துக்குள் விட்டாள்.

வண்டியின் நெற்றியில் கட்டியிருந்த குட்டி கேமரா, அங்கே தெரிவதையும் கேட்பதையும் அவள் ஃபோனுக்கு அனுப்பும். இவள் பேசினால் அங்கேயும் கேட்கும். லாரி செங்கல்மேல் ஏறியது. முறுக்கிக் கிடந்த கம்பியைத் தாண்டியது. ஒரு வளைவு வந்ததும், திருப்பத் திருப்ப நேராகவே போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"திரும்ப மாட்டேங்குதே!"

"என் புத்தியச் செருப்பால அடிக்கணும். முன்னாடியும் கெட்டியா ஊத்துனா எப்படித் திரும்பும்? இழு, இழு. முன்னாடிக்கு மட்டும் கொஞ்சம் இளக்கமான ஆயிலா மாத்து."

மீண்டும் நூலை இழுத்தாள். மீண்டும் திருகாணிகள். ஒன்று கைதவறி இடுக்கில் விழுந்துவிட, மிச்சத்தை வைத்தே மூடினாள். ரிமோட்டில் பேட்டரி விளக்கு சிவப்பாக மினுக்கத் தொடங்கியது. மேலேயிருந்து பொலபொலவென்று சிமென்ட் உதிர்ந்தது.

"இதான் கடைசி, ப்ரியா. வேகம் குடுக்காத. மாவு பிசையற மாதிரி மெதுவா, பதமா."

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு விசையை அழுத்தினாள். செங்கல். கம்பி. வளைவு. முன்சக்கரம் மனம் வந்து திரும்பியது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகப் பற்றிக்கொண்டு உந்தின. உடைந்த பலகை ஒன்றின்மேல் லாரி முக்கி முக்கி ஏறியது. போகப் போக ஃபோனில் படம் வெளுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் கண் கூசும் வெள்ளையைத் தவிர ஒன்றுமே தெரியவில்லை.

"சிவராஜ்! சிவராஜ், கேக்குதாப்பா?" அவள் அழுதுகொண்டே கத்தினாள்.

படம் ஆடியது. யாரோ வண்டியைத் தூக்கினார்கள். புழுதி அப்பிய முகம் ஒன்று திரையை நிறைத்தது. சிவராஜேதான். உயிர் வந்தவள்போல ஜெயப்ரியா கணவனின் தோளைப் பற்றிக்கொண்டாள்.

"இது அண்ணன் வண்டியாச்சே..." என்றான் அவன்.

"நான் அண்ணி பேசறேன்ப்பா! அண்ணனும் என் பக்கத்துலதான் இருக்காரு!"

"அண்ணி? நீங்க ரெண்டு பேரும் வேப்பனப்பள்ளிக்குக் கிளம்பிட்டீங்கன்னு இல்ல நினைச்சோம்..."

அவன் குரல் உடைந்தது. சட்டென்று பின்னால் திரும்பி அலறினான்:

"ஜேசிபியை நிறுத்துங்க! எங்க அண்ணனும் அண்ணியும் அடியில உசுரோட இருக்காங்க!"