வானத்தில் ஐந்து ஓட்டை

"இந்த ரூம்ல ஒரு திருடன் இருக்கான்!"

அக்கா போட்ட சத்தத்தில் சாப்பாட்டு அறையே நிமிர்ந்தது.

மேஜை மேல் ஜிக்சா படம். கடல், கலங்கரை விளக்கம், மேலே பெரிய நீல வானம். துண்டு துண்டாகச் சேர்த்து எல்லாம் வைத்தாகிவிட்டது. அட்டைப் பெட்டியும் காலி. ஆனால் வானத்தில் மட்டும் ஐந்து ஓட்டை.

"துண்டுக்குக் கால் முளைச்சா போச்சு? எவனோ எடுத்திருக்கான். எடுத்தவன் உருப்படுவானா?"

அது வாஷிங் மெஷின் பழுதானால் போன் போடுகிற அலுவலகம். அழுக்குத் துணியோடு மெஷின் நின்றுவிட்டால் ஜனங்களுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வருமோ! அத்தனையும் அக்கா காதிலும் பக்கத்து சீட் கொட்டாவி காதிலும்தான் விழும். வாயைத் திறந்தால் பேச்சுக்கு முன்னால் கொட்டாவி வரும் என்பதால் அந்தப் பையனுக்கு அந்தப் பெயர்.

சாப்பாட்டு நேரத்தில்கூட ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு போன் என்று இருந்த காலம் உண்டு. கொட்டாவி சாப்பிடாமலே தலை சாய்த்துத் தூங்குவான். அக்காவும் உதிரிபாகம் பார்க்கிற ஸ்டோர்ஸ்காரரும் ஏசியைக் கூட்டுவதா குறைப்பதா என்று போட்ட சண்டைக்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசியதில்லை. மேனேஜர் மேடமோ சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிற ரகம்.

அந்த மேடம்தான் ஒருநாள் இந்த ஜிக்சாவை வாங்கி வந்து நடுவில் ஒரு மேஜையைப் போட்டார். சட்டம் ஒன்றே ஒன்று. மேஜையில் கஸ்டமர் பேச்சு கூடாது.

"சின்னப் பிள்ளை விளையாட்டு" என்று முகம் சுளித்த ஸ்டோர்ஸ்காரர்தான் கடல் முழுவதையும் சேர்த்தார்.

கணக்கர் வந்ததுதான் எல்லோருக்கும் ஆச்சரியம். மனைவி தவறியதிலிருந்து மனுஷன் யாரோடும் பேசுவதில்லை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வார். ஒருநாள் தண்ணீர் பிடிக்க வந்தவர், நின்று பார்த்து, ஒரு துண்டை எடுத்து வைத்து, "இது இங்க" என்றார். அன்றிலிருந்து தினமும் வருகிறார். போன வாரம் ஒரு ஜோக்குகூடச் சொன்னார். ஜோக் நன்றாக இல்லை. ஆனாலும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி, "படம் முடிஞ்சதும் மேஜையை எடுத்துடுங்க. இந்த இடத்துல ஃபைல் பீரோ வருது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"சரி, தேடுங்க. நான் கை கழுவிட்டு வந்துடறேன்" என்று, அக்கா போட்ட சத்தத்துக்கு நடுவே கணக்கர் எழுந்து போனார்.

"சத்தம் போடற ஆளோட பையை முதல்ல பார்க்கணும்" என்றார் ஸ்டோர்ஸ்காரர்.

"என்னையா சொல்றீங்க? உங்க பாக்கெட்டை உதறுங்க பார்ப்போம்!"

"சின்ன விஷயம், விடுங்களேன்" என்றார் மேடம் அவசரமாக.

'நம்ம பக்கம் யாரும் வரல' என்ற நிம்மதியில் கொட்டாவி ஒரு கொட்டாவி விட்டு, இரண்டு கையையும் தூக்கிச் சோம்பல் முறித்தான். மடித்துவிட்ட சட்டைக் கையிலிருந்து நீலமாக ஒன்று விழுந்தது.

"அடப்பாவி, நீயா!"

"அக்கா, மெதுவா..." அவன் வாசலைப் பார்த்தான். "படம் முடிஞ்சா மேஜை போயிடும். மேஜை போனா சார் திரும்பவும் காருக்குள்ள போய் உட்கார்ந்துக்குவாரு. எனக்கு வேற வழி தெரியல."

அக்கா மெல்லத் தன் போன் உறையைக் கழற்றினாள். உள்ளே ஒரு துண்டு வானம்.

"நானும் அதுக்குத்தான்டா எடுத்தேன்."

"அப்புறம் ஏன் உருப்படுவானான்னு கத்தினீங்க?"

"என் மேல சந்தேகம் வரக்கூடாதுல்ல!"

ஸ்டோர்ஸ்காரர் இருமினார். மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். மூன்றாவது துண்டு.

மூன்று பேரும் மேடத்தைப் பார்த்தார்கள். மேடம் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பி, பின்னால் செருகியிருந்ததை எடுத்து வைத்தார்.

"மேடம், நீங்களுமா?"

"வாங்கினவளே நான்தானே, எனக்கு இல்லாத உரிமையா?" சிரிப்பு அடங்கியதும் அவரே சொன்னார். "பீரோவை என் ரூம்ல போட்டுக்கறேன். மேலிடத்துல நான் பேசிக்கறேன். மேஜை எங்கேயும் போகாது. அஞ்சாவதைத் தேடுங்க."

நாலு பேரும் மேஜைக்கு அடியில் முட்டிபோட்டுத் தேடிக்கொண்டிருக்கும்போது, ஈரக் கையைத் துடைத்தபடி கணக்கர் வந்து நின்றார்.

"ஓ... மீதி எல்லாம் கிடைச்சுடுச்சா?"

"சார், அது வந்து..." அக்கா திணறினாள்.

கணக்கர் மணிபர்ஸைத் திறந்தார். மனைவி போட்டோவுக்குப் பின்னாலிருந்து ஐந்தாவது துண்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"மன்னிச்சுக்குங்க. பழி வேற யார் மேலயும் விழ வேண்டாம். இதை எடுத்தது நான்தான்."

"நீங்களா! ஏன் சார்?"

"இந்த மேஜை வந்தப்புறம்தான் நீங்க ரெண்டு பேரும் ஏசி சண்டையை மறந்து பேசிக்கறீங்க. இந்தப் பையன் வேளைக்குச் சாப்பிடறான். மேடம் சிரிக்கறாங்க." கணக்கர் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார். "படம் முடிஞ்சா எல்லாரும் பழையபடி ஆளுக்கொரு மூலைக்குப் போயிடுவீங்களே... பாவம், உங்களை அப்படித் தனியா விட எனக்கு மனசு வரல!"