பிணை நின்றவள்

"வவுனியா பஸ் எத்தினை மணிக்குப் பிள்ளை?" என்று அம்மா கேட்டதும் லீலாதேவிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

போக வேண்டியது கொழும்புக்கு, அங்கிருந்து டென்மார்க்குக்கு. கீழே வாசலில் வான் வந்து நிற்கிறது. விசா, டிக்கெட் எல்லாம் சரி. டென்மார்க்கிலிருந்து அம்மாவுக்கென்று காவிக்கொண்டு வந்த குளிர்கோட்டு கட்டிலில் மடித்தபடி கிடக்கிறது. அம்மாவோ தன் பழைய பையைக் கட்டி முடித்துவிட்டுக் கதிரையில் இருக்கிறாள்.

இந்த மனிசியைக் கண்டிவரை எடுப்பிக்கப் பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா?

சண்டை நடக்கிற யாழ்ப்பாணத்துக்கு லீலாதேவியும் பரமநாதனும் போக வழியில்லை. கொழும்பு லொட்ஜுகளிலோ சோதனைக்குமேல் சோதனை. அதனால்தான் கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் உம்மு குல்சும் வீட்டு மேல்மாடியை வாடகைக்கு எடுத்து, பொலிஸில் பேர் பதிந்து, புருஷனும் பெண்சாதியும் காத்துக் கிடந்தார்கள். அம்மா பாஸ் எடுத்து, கிளாலியில் வள்ளம் ஏறி, வவுனியாவில் தவம் கிடந்து, காய்ந்து கருவாடாக வந்து சேர்ந்தாள்.

"இந்தக் குளிருக்கே உம்மா நடுங்குறாங்க, அங்க எப்பிடித் தாங்குவாங்க?" என்று உம்மு குல்சும் கேட்டாள்.

அதற்கும் லீலாதேவியிடம் பதில் இருந்தது. அம்மா வந்த நாள் தொட்டு அவள் வாய் ஓயவில்லை. அங்கே வீடு முழுக்கச் சூடு. ஆஸ்பத்திரிக்குக் காசு கட்டத் தேவையில்லை. ஷெல் இல்லை, பங்கர் இல்லை. அம்மாவுக்கென்று தனி அறை, யன்னலுக்குப் பூப்போட்ட சீலை. அம்மா எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினாள். அந்த ஓமை நம்பினாளே, விசரி!

"விளையாடுறியளே அம்மா? ஷெல்லுக்குள்ள போய்க் கிடந்து சாகப்போறியளே?"

"எல்லாம் உங்கட நன்மைக்குத்தானே மாமி" என்று பரமநாதனும் பெட்டியும் கையுமாக வாசலில் நின்று சொன்னான்.

அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நான் திரும்பிப் போகாட்டி, பிணை நிண்டவளைப் பிடிச்சு வைச்சிடுவாங்கள் தம்பி."

ஊரை விட்டு வெளியே வர இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸுக்கு இன்னொருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் திரும்பாவிட்டால் நின்றவர் பாடு அதோகதி. லீலாதேவிக்கு இது தெரியாததல்ல. யாரோ சொந்தக்காரர் நின்றிருப்பார், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

"ஆர் நிண்டது?"

"இராசமணி."

பக்கத்து வளவு இராசமணியா! வேலியை அரை அடி தள்ளிப் போட்டதாகத் தொடங்கி, லீலாதேவி சின்னப்பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே அம்மாவோடு கொழுவல். விடிந்தால் ஆளுக்கொரு பக்கம் நின்று வசை வாரிக் கொட்டாவிட்டால் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி இறங்காது. ஐயா செத்தபோதுகூட வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே அழுதவள் அவள்.

"சொந்தமெல்லாம் கையை விரிச்சிட்டுதுகள். அவள்தான் தானா வந்தாள். 'போய்ப் பிள்ளையைப் பாத்திட்டு வாணை, நான் நிக்கிறன். வேலிக் கதையை வந்தாப்பிறகு பேசுவம்' எண்டாள்."

சொல்லும்போது அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

லீலாதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. பொறாமையாக இருந்தது. டென்மார்க்கில் பரமநாதன் இரவு வேலைக்குப் போய் விடியத்தான் வந்து படுப்பான். அவன் வரும்போது அவள் வேலைக்கு வெளிக்கிட்டுவிடுவாள். மாலையில் வந்து கதவைப் பூட்டினால், மறுநாள் காலைவரை தன் குரலைத் தானே கேட்கமாட்டாள். எதிர்க்கதவுக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்று இவ்வளவு வருடத்தில் அவளுக்குத் தெரியாது. பனிக்காலத்தில் ஒருநாள் படியில் வழுக்கி விழுந்தபோது தானே எழுந்து தானே ஆஸ்பத்திரிக்குப் போனவள். இதையெல்லாம் அவள் அம்மாவுக்கு எழுதியதில்லை. பரமநாதனிடமும் சொன்னதில்லை.

கீழே வான்காரன் ஹோர்ன் அடித்தான்.

"எனக்கு அங்க சண்டை பிடிக்கக்கூட ஒரு மனிசர் இல்லையம்மா" என்றாள் லீலாதேவி.

பரமநாதன் பெட்டியைக் கீழே வைத்தான்.

அம்மா எழுந்து வந்து மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுது முடித்து, முந்தானையால் மகளின் முகத்தையும் தன் முகத்தையும் துடைத்துவிட்டு, வவுனியா பஸ்ஸுக்கென்று பையைத் தூக்கினாள்.