மேல்மலை ஃபோல்டர்

ஹட்டன் தொழிற்சங்க அலுவலகத்தின் மெயில் சர்வரில் தேயிலைத் தோட்ட டிவிஷன்களின் ஃபோல்டர்கள் எல்லாம் காணாமல் போயிருந்தன. அதைப் பராமரிக்கும் தனுஷிகா பேக்கப்பிலிருந்து மீட்டாள். மேல்மலை டிவிஷன் ஃபோல்டர் மட்டுமே திரும்பி வந்தது. போன மழையில் மண்சரிந்து அங்கே தொழிலாளர்கள் குடியிருந்த லயமே ஆட்களோடு புதைந்துவிட்டது. ஃபோல்டரில் இன்றைய தேதியில் ஒரு மெயில்: “பெரட்டுக்கு வந்துட்டோம். இன்னும் பேரு கூப்பிடலைங்க.”

“அழிச்சிரு புள்ள,” என்றார் செயலாளர் ராஜமாணிக்கம்.

“தோட்ட நிர்வாகம் செக்ரோல் பதிவேட்டுல அவங்க பேர வெட்டிருச்சு. நாமளும் வெட்டணுமா சார்? நான் மாட்டேன்.”

தனுஷிகா எழுந்து நின்று, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் கங்காணி கூப்பிடுவதுபோல் சத்தமாகக் கூப்பிட்டாள். “வேலாயி!”

வேலாயி பேரில் புதிய மெயில் வந்தது.

“அழகன்!”

இன்னொன்று வந்தது.

ராஜமாணிக்கம் பாய்ந்து இன்டர்நெட் வயரைப் பிடுங்கினார். தனுஷிகா அவரைப் பார்த்துக்கொண்டே அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

மெயில் வந்தது.