கறுப்புக்குத்தான் மதிப்பு

"யாரும்மா இதைத் தேய்க்கச் சொன்னது?"

பழைய நாணயம் சேர்க்கும் பாலகுமார் பதறிப்போய்க் கேட்டார். நேற்றுக் கன்னங்கரேலென்று இருந்தபோது அவர் வாங்க விலை பேசிய வெள்ளி ரூபாய், இன்று அதை விற்க வந்த வேலைக்காரி மரகதத்தின் உள்ளங்கையில் பளபளத்தது.

"புளி போட்டுத் தேய்ச்சேன் சார்."

"அந்தக் கறுப்புக்குத்தானே மதிப்பு! இப்ப கீறல்தான் மிச்சம். எவனும் தொடமாட்டான்."

மரகதம் தலைகுனிந்தாள். மகள் பிரசவத்துக்குத் தீவைவிட்டு மெயின்லேண்ட் போக அவள் கப்பல் டிக்கெட் எடுக்க வேண்டும். வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

"பேசினதுல பாதிதான் தருவேன்."

"டீக் ஹை, சரிங்க சார்."

பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கராச்சர்மாவில் இருக்கும் வீட்டுக்கு பஸ் பிடிக்கக் கிளம்பினாள்.

"எவ பேச்சைக் கேட்டுத் தேய்ச்சாளோ! அதைக் கேட்டா மட்டும் வாயே திறக்கலை" என்று மனைவியிடம் அலுத்துக்கொண்டார்.

ஷோபனா சமையலறை வாசலைவிட்டு நகரவில்லை.

"நான்தாங்க சொன்னேன். கறுப்பா இருந்தா நீங்க பேசின விலையைக் குறைச்சிடுவீங்களோன்னு, நேத்து புளியும் நான்தான் குடுத்தனுப்பினேன். என் பேரை அவ சொல்லவே இல்லை, பாத்தீங்களா?"

பாலகுமார் எழுந்து மீதிப் பாதிப் பணத்தை எடுத்து வருவதற்குள், ஷோபனா பஸ் ஸ்டாப்புக்கு ஓடச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.