அணைந்த தீச்சட்டி

அத்தான் சொல்லும் அந்தக் கதையில் பாலசுப்பிரமணியனுக்குப் பல வருஷமாகவே சந்தேகம். ஆனால் அக்கா புருஷனைச் சந்தேகப்படுவதற்குத் திருநெல்வேலியில் ஒரு முறை இருக்கிறது. சந்தேகத்தை மனசில் வைத்துக்கொண்டு, வாயில் பஜ்ஜியை வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

அத்தான் கணேஷ்ராம்தான் தெரு தசரா குழுவுக்குத் தலைவர். குலசேகரன்பட்டினம் அம்மன் கோயிலுக்குப் போக இந்த வருஷம் பழைய தெருக்காரன் வன்னியராஜும் மறுபடி மாலை போட்டுக் காளி வேஷம் கட்டக் கேட்டிருக்கிறான். சேர்ப்பதா வேண்டாமா என்று சாயங்காலம் கூட்டம். அதற்கு ஒத்திகை மாதிரி அத்தான் ஆரம்பித்தார்.

"விரதத்துல கோழி தின்ன பய மாப்ள அவன். அன்னைக்குக் காளி வேஷம் கட்டி, தீச்சட்டி ஏந்தி நம்ம வாசலுக்கு வந்தான். 'தாயே, உள்ள வந்து வீட்டை ஆசீர்வாதம் பண்ணு'ன்னு கும்புட்டேன். படியில கால வச்சான். அவ்வளவுதான், சட்டி அணைஞ்சு போச்சு! சுத்தமில்லாதவன் கையில அவ நிப்பாளா?"

"ஏதோ கேஸ் ஒழுகுச்சுன்னு..."

"அதான் அற்புதம்! குளிக்கிற ரூம்ல அந்தப் பழைய கேஸ் கீசர் இருந்துச்சுல்லா, அதுல வால்வு ஒழுகி வீடு பூரா கேஸ் நிக்கு. எனக்குத் தெரியாது. அந்த நேரம் பாத்து என் காதுக்குள்ள ஒரு குரல். 'ஓடு, சிலிண்டரை மூடுலே'ன்னு. ஓடிப்போய் மூடினேன். ஒரே வீச்சுல அவனையும் தண்டிச்சா, என்னையும் காப்பாத்துனா."

"அம்மன் 'லே' போட்டா பேசுனா அத்தான்?"

"பின்ன? எம்மேல அவளுக்கு உரிமை இல்லியா?"

அடுக்களையிலிருந்து அக்கா கோமுவின் குரல் வந்தது. "வால்வு மூட மாட்டேங்கு, ஆளைக் கூப்புடுங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன் தம்பி. உங்க அத்தான் சோப்பைக் கொழச்சு அதுல அப்பிட்டு, மேல ஒரு எலுமிச்சம்பழத்தையும் கட்டுனாவ. மூக்குப்பொடி போட்டுப் போட்டு மூக்கும் செத்துப்போச்சு. நான் மஞ்சத்தண்ணிக் கொடத்தோட தெருவுல நிக்கேன். நம்ம வீட்டு கீசருக்குக் காவல் இருக்கதுதான் அம்மனுக்கு வேலை பாரு!"

"ஏட்டி, வாயக் கழுவு!"

பாலசுப்பிரமணியனுக்கு உறுத்தியது கீசர் அல்ல. வன்னியராஜ் நேர்ந்துகொண்டது அவன் பெண்சாதி ஆபரேஷனில் பிழைக்க வேண்டும் என்று. அவள் பிழைத்துவிட்டாள். அவன் பேர்தான் பிழைக்கவில்லை. 'கோழிக் காளி' என்று சின்னப் பிள்ளைகள்கூடக் கூப்பிட்டதில், குலசேகரன்பட்டினம் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே மாலையைக் கழற்றிவிட்டு, தெருவையும் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டான்.

கோழி தின்றவன் வேண்டுதலை அம்மன் எதற்கு நிறைவேற்றினாள்? இதை அத்தானிடம் கேட்கலாம். கேட்டால் அதற்கும் ஒரு அற்புதம் சொல்வார்.

எழுந்து நேரே வண்ணார்பேட்டைக்கு பஸ் ஏறினார். வன்னியராஜ் அங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தான்.

"வாங்க சார். கோமு அக்கா தம்பிதான நீங்க? வேட்டியா? நாலு முழமா, எட்டு முழமா?"

"நாலு முழம். ஏப்பா, கேட்டா கோவிச்சுக்காத. அன்னைக்கு நெசமாவே கோழி தின்னியா?"

வன்னியராஜ் சிரித்தான். "அந்த விரதத்துல முட்டை சேத்திருக்கும்னு கேக்கைக்கூடத் தொடல சார்."

"பின்ன ஏம்ப்பா இத்தனை வருஷமா வாயத் தொறக்கல?"

"அண்ணாச்சி பெரிய மனுசன். அம்மன் வந்து காப்பாத்துன வீடுன்னு பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியுதாவ. சோப்பு வச்சு அடைச்ச வீடுன்னு நான் போய் சொன்னா நல்லாவா இருக்கும்?"

"உன் பேரு கெட்டுப் போச்சேப்பா."

"எம் பொண்டாட்டி எந்திச்சு நடமாடுதா. அது போதும். பாதியில நின்ன நேர்ச்சையை மட்டும் அந்தத் தெருவுல இருந்தே முடிச்சுரணும் சார். விடுவாவளா?"

சொல்லிக்கொண்டே வேட்டியைப் பிரித்து, இரண்டு கைகளாலும் விரித்துக் காட்டினான்.

பாலசுப்பிரமணியன் வேட்டியைப் பார்க்கவில்லை.

"கரை புடிக்கலியா சார்?"

"புடிச்சிருக்குப்பா. பையப் பைய மடி, அவசரமில்ல."

சாயங்காலம் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. அத்தான் ஒத்திகையைவிட நன்றாகவே சொன்னார். குரல் வந்த இடத்தில் அவருக்கே கண் கலங்கியது.

"சட்டி தானா அணைஞ்சுது. யாரும் தண்ணி ஊத்தல, யாரும் ஊதல, மனுசக் கை படல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? இவனை மறுபடியும் சேத்தா அந்தப் பாவம் நம்ம தலையிலல்லா விடியும்!"

தலைகள் ஆடின. ஓரத்தில் நின்ற வன்னியராஜ் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தான். அடுத்து கை தூக்கச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

கேட்டால் அக்கா வீட்டு வாசலை இனி மிதிக்க முடியாது. கேட்காவிட்டால் கோயில் வாசலையும் மிதிக்க முடியாது போலிருந்தது.

பாலசுப்பிரமணியன் எழுந்தார்.

"என்ன மாப்ள?"

"ஒரே ஒரு சந்தேகம் அத்தான். மனுசக் கை படாமத்தான் அந்தத் தீ அணைஞ்சுதுன்னா, வன்னியராஜுக்கு ரெண்டு உள்ளங்கையும் வெந்து சுருங்கிக் கெடக்கே, அது எப்படி?"